வால்வு மாற்றியவரின் காய்ச்சல்

ஏலமலைத் தோட்டங்களிலும் போடிநாயக்கனூரிலும் காய்ச்சலென்றால் மருந்துக்கடை மாத்திரையோடு பலர் நின்றுவிடுகின்றனர். இதய வால்வு பழுதுற்றவருக்கும் செயற்கை வால்வு பொருத்தியவருக்கும் அது கூடாது என்கிறோம். பல், ஈறு வழியே இரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் படிந்து அதை அரித்துவிடும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1990இல் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வு, விலை குறைந்த அருங்கொடை. ஆயினும் கிருமி அதையும் விட்டுவைப்பதில்லை. ஆன்டிபயாடிக்கை முதலில் விழுங்கினால் இரத்தப் பரிசோதனையில் கிருமி சிக்காமற்போகலாம். பிறகு உரிய மருந்தைத் தேர்வது கடினம். ஆகவே முதலில் மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

மிஸ்வாக்கின் நன்மைகளை ஜும்ஆ பயான்களில் நிறையவே கேட்கிறோம். வால்வு மாற்றியவருக்கோ அந்தச் சுன்னத் உயிர்க்காப்பும் ஆகும். பல் பிடுங்கும் முன் வால்வு மாற்றியதைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிருமி தொற்றாதிருக்க முன்கூட்டியே ஒரு வேளை மருந்து தருவார்.