கமலைப் பாதையும் சாய்தளக் கணக்கும்

இலத்தூரில் எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஒட்டி ஒரு சரிவுப் பாதை தூர்ந்து கிடக்கிறது. பம்புசெட் வருமுன் கமலை மாடுகள் இறங்கிய பாதை. சாய்தளக் கணக்கில் மதிப்பெண் இழந்த பிறகே அதன் அருமையை உணர்ந்தேன்.

விசையைப் பகுக்கும்போது கிடைக்கூறு கொசைன், செங்குத்துக்கூறு சைன் என்று மனப்பாடம் செய்திருந்தேன். சாய்தளத்திலோ சரிவை ஒட்டிய கூறுதான் சைன்!

மாடு இறங்குகையில் அதன் எடையில் ஒரு கூறு சரிவின் வழியே செயல்பட்டு, கூனையை இழுக்கத் துணைநிற்கிறது. 400 கிலோ மாடு, 10 பாகைச் சரிவு என்று கொள்வோம். சைன் 10 பாகை ஏறக்குறைய 0.17. எனவே சுமார் 70 கிலோ எடைக்குச் சமமான விசை. வடக்கயிற்றில் ஆள் உட்கார்ந்தால் இன்னும் கூடும். பின்னேறும்போது அதே கூறு எதிர்க்கும். ஆனால் அப்போது கூனை வெறுமையாயிருக்கும். பள்ளிக்கூடம் காணாதவர்கள் கண்ட ஏற்பாடு இது!

சமதரையில் இவ்வுதவி இல்லை. கோணம் சுழியானால் தானும் சுழியாவது சைன்தானே? இவ்வளவு எண்ணியிருந்தால் தவறியிருக்க மாட்டேன்.

ஆசிரியப் பெருமக்கள் இப்பாடத்தைக் கமலையிலிருந்து தொடங்கலாகாதா? பாதை முழுவதும் தூர்ந்துபோகுமுன் மாணவர்களை அழைத்து வாருங்கள். பாகைமானியும் நாடாவும் நான் கொண்டுவருகிறேன்.