விற்பதா, லோனில் அனுப்புவதா? கோவை சாம்பியன் டீம் சொல்லும் பாடம்

டிரான்ஸ்ஃபர் சீசன் வந்தாலே கால்பந்து ரசிகர்களுக்குள் இந்தச் சண்டைதான்: இளம் வீரரை விற்கலாமா, லோனில் அனுப்பலாமா? கோவைக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம்.

என்ன நடந்தது?
2019 மார்ச் 9. காந்திபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி, சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. அதே ஆண்டு எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். 2020-ல் 21 கோல் நாயகன் பெட்ரோ மான்சி ஜப்பானுக்கும், ரொமாரியோ ஜேசுராஜ் எஃப்.சி. கோவாவுக்கும் கிளம்பினார்கள்.

ஏன் போனார்கள்?
அப்போது ஐ-லீக் ஜெயித்தாலும் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற முடியாது. அந்தக் கதவு 2022-23 சாம்பியனுக்குத்தான் திறந்தது. கிளப் ஏற முடியாதபோது வீரர்தான் கிளப் மாறியாகணும்.

லோன் உதவியிருக்குமா?
லோனில் ஒப்பந்தம் தாய் கிளப்பிடமே இருக்கும். பெஞ்சில் உட்காரும் பையனுக்கு வேறு இடத்தில் மேட்ச் கிடைக்கும். ஆனால் ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தத்தின் கடைசி 6 மாதத்தில் வீரர் அடுத்த கிளப்புடன் கையெழுத்துப் போடலாம்; ஒப்பந்தம் முடிந்து போனால் டிரான்ஸ்ஃபர் தொகையும் கிடையாது. அதனால் முதலில் நீண்ட ஒப்பந்தம், அப்புறம்தான் லோன்.

எல்லாவற்றுக்கும் மேல, லோன் போனவர் திரும்பி வர ஒரு கிளப் வேணும். கோவையில் இன்று ஐ-லீக் அளவில் அப்படி ஒன்று இல்லை.