தீவுக்குக் கூட வந்தவன்



சென்ற தவக்காலத்தில் எமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். "சுவாமி, அந்தப் பொடியனோட இவன் திரியிறதை நீங்கள்தான் நிப்பாட்டவேணும்" என்றார். 'அந்தப் பொடியன்' படிப்பில் பின்தங்கியவன். தகப்பன் கூலி வேலைக்குப் போகிறவர். சான்றாக ஒரு கதைப்புத்தகத்தையும் மேசைமீது வைத்தார். பாடம் படிக்கவேண்டிய நேரத்தில் அந்த நண்பன் கொடுத்த புத்தகமாம்.

எடுத்துப் பார்த்தேன். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 ஆம் ஆண்டில் சிங்களத்தில் எழுதிய 'மடோல் தூவ' நாவலின் தமிழாக்கம். 1976 இல் இதைத் திரைப்படமாக்கியவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை இங்கு சொல்லி வைக்கிறேன்.

தாயை இழந்து சிற்றன்னையின் கீழ் வளரும் குறும்புக்காரச் சிறுவன் உபாலி. அவன் வீட்டை விட்டுப் புறப்படும்போது உடன் செல்பவன் ஜின்னா. இருவரும் கொக்கல வாவியில் ஆளற்றுக் கிடக்கும் தீவு ஒன்றுக்குப் போய்க் காடு வெட்டிப் பயிர் செய்கிறார்கள். பேய் உலவுவதாக ஊரார் அஞ்சும் தீவு அது. இரவில் தென்படும் மர்ம வெளிச்சத்துக்குக் காரணம் பேயன்று, மறைந்து வாழும் மனிதன் என்பது பின்னர் தெரியவருகிறது. பதின்ம வயதினர் இரவோடிரவாகப் படித்து முடிக்கக்கூடிய கதைதான்.

ஆயினும் என் உள்ளத்தில் நின்றது வெளிச்சத்தின் மர்மமன்று. ஜின்னா, உபாலியின் வீட்டு வேலைக்காரச் சிறுவன். அவனுக்குச் சொத்தில்லை, படிப்பில்லை. கதையைச் சொல்பவன்கூட உபாலியே. ஜின்னாவின் மனத்தை அவன் வாயால் நாம் கேட்பதில்லை. ஆனால் அவனை எடுத்துவிட்டால் தீவுமில்லை, தோட்டமுமில்லை, கதையுமில்லை. வீட்டில் எசமானும் ஏவலனுமாக இருந்தவர்கள் தீவில் தோளோடு தோள் நின்று மண்ணைக் கொத்துகிறார்கள்.

நம் திருவிவிலியத்திலும் இத்தகைய மர்மக்கதை ஒன்று உண்டு. தோபித்து நூலை எத்தனை குடும்பங்கள் முழுமையாக வாசித்திருக்கின்றன என்பது ஐயமே. பார்வையிழந்த தந்தை, தூர நாட்டில் கொடுத்து வைத்த பணத்தை மீட்டுவர மகன் தோபியாவை அனுப்புகிறார். வழித்துணைக்கு அசரியா என்னும் இளைஞனை நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி பேசி அமர்த்துகிறார். அவனுடைய குலமென்ன, கோத்திரமென்ன என்றும் விசாரிக்கிறார், நம்மவர்களைப் போலவே! வீட்டு நாயும் கூடவே போகிறது. ஆற்றில் மீன் பாய்கிறது, வழியில் திருமணம் நடக்கிறது, மீனின் பித்தப்பையால் தந்தையின் கண் திறக்கிறது. பன்னிரண்டாம் அதிகாரத்தில்தான், கணக்குத் தீர்த்துக் கூலி கொடுக்கும் வேளையில், வந்தவர் இறைத்தூதர் இரபேல் என்று தெரிகிறது. அதுவரை அவர் கூலியாள்.

இதை அந்தத் தாயிடம் எடுத்துச் சொல்ல எனக்குத் தகுதி இருந்ததா என்பது வேறு கேள்வி. பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு பங்கில், இதேபோன்ற வேண்டுகோளுக்கு இணங்கி ஒரு பீடப்பணியாளனைத் தனியே அழைத்து, நண்பனை விட்டு விலகும்படி அறிவுரை கூறியவன் நான். அவன் கீழ்ப்படிந்தான். விலக்கப்பட்ட பிள்ளை முதலில் மறைக்கல்விக்கு வருவதை நிறுத்தினான், பின்னர் பாடசாலையையும். நான் அவன் வீட்டுக்குச் சென்றபோது காலம் கடந்திருந்தது.

ஆகையால் அந்தத் தாயிடம் ஒன்று மட்டும் கேட்டேன். 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறியபோது உங்கள் மூத்த பிள்ளையைத் தூக்கி வந்தது யார்? சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, பெயர்கூடத் தெரியாத ஒரு கூலிக்காரர் என்றார். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வேறு வலயத்துக்கு அவரைக் கொண்டுபோய்விட்டார்களாம். நடுவில் முட்கம்பி. அதன்பின் அவரைக் காணவேயில்லை.

அன்று வீட்டுக் கூரை ஓடா, தகரமா என்று பார்த்து எவரும் எவருடைய கையையும் பிடிக்கவில்லை. மீள்குடியேறி, வீட்டுக்கு மதில் எழுப்பியபின் பிள்ளைகளின் நட்பைப் புள்ளி பார்த்துத் தரம் பிரிக்கத் தொடங்கியிருக்கிறோம். கூடாத சேர்க்கை இல்லையென்று நான் சொல்லவில்லை. போதைப்பொருள் எங்கள் கிராமங்களிலும் நுழைந்திருக்கிறது, பெற்றோரின் அச்சம் நியாயமானதே. ஆனால் ஒரு பிள்ளை தன் நண்பனுக்குக் கதைப்புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிறான் என்றால், அந்தக் கையைத் தட்டிவிடுமுன் புத்தகத்தையாவது திறந்து பார்க்கவேண்டாமா?

புத்தகம் இன்னும் உரிய பிள்ளையிடம் போய்ச் சேரவில்லை. முதலில் தாம் படித்துவிட்டுத் தருவதாக அந்தத் தாய் கொண்டுபோயிருக்கிறார்.