மலைவாசிகளின் சரித்திரமும் பாத்தியதையும்

திருவண்ணாமலைவாசிகளாகிய நமக்கு மலையென்பது வெறுங் கல்லும் மண்ணும் அன்று, அதுவே தெய்வம். பௌர்ணமிதோறும் கணக்கற்ற ஜனங்கள் அதனை வலம் வருகிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று அதன் உச்சியை நோக்கிக் கைகூப்பாத வீடு இவ்வூரில் இல்லை. ஆயினும், இதே ஜில்லாவில் போளூருக்கு மேற்கே எழுந்து நிற்கும் ஜவ்வாது மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஜனங்களைப்பற்றி நம்மில் எத்தனை பேர் எதனை அறிவோம்? அவர்கள் விளைவிக்கும் சாமையை அறிவோம். அவர்கள் கொண்டுவரும் தேனையும் பலாப்பழத்தையும் அறிவோம். 2015ஆம் வருஷம் ஏப்ரல் 7ந் தேதி சேஷாசல வனத்தில் ஆந்திரப் போலீஸார் சுட்டு மாண்ட இருபது கூலியாட்களில் பலர் நமது ஜில்லாவினர் என்பதையும் பத்திரிகை வாயிலாக அறிந்தோம், சில நாள் வருந்தினோம், பிறகு மறந்தோம். அம்மலைக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை மாத்திரம் நாம் கற்கவேயில்லை.

ஆதிகுடிகளின் சரித்திரம், உரிமை, அந்நிய ஆட்சியை அவர்கள் எதிர்த்த வரலாறு ஆகியவற்றைக் கூறும் புஸ்தகங்கள் உலகெங்கும் இப்பொழுது வெளிவந்துகொண்டிருக்கின்றன. “வயிற்றுக்கு வழி தேடுகிறவனுக்குச் சரித்திரம் எதற்கு?” என்று நமது நண்பர் சிலர் கேட்கக்கூடும். சோற்றுக்கும் சரித்திரத்துக்கும் சம்பந்தமில்லையென்று அவர்கள் நினைக்கிறார்கள். மலைவாசியின் விஷயத்தில் அவனது சரித்திரமே அவனது பட்டா என்பது நமது அபிப்பிராயம். இது அலங்கார வார்த்தையன்று, சட்ட வார்த்தை. எங்ஙனமென்று விளக்குவோம்.

1882ஆம் வருஷத்தில் துரைத்தனத்தார் சென்னை வனச் சட்டத்தை இயற்றினார்கள். ஒரு காட்டை ரிசர்வு செய்ய எண்ணினால் சர்க்கார் அறிவிப்பு வெளியிடவேண்டும். அக்காட்டில் பாத்தியதை கொண்டாடுகிறவர்கள் குறித்த தவணைக்குள் விசாரணை அதிகாரியிடம் அதனைத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்கத் தவறின் பாத்தியதை அழிந்துபோகும். காகிதத்தில் பார்த்தால் இது நியாயமாகவே தோன்றும். ஆனால் எழுத்தறியாதவனும், தாலுகா கச்சேரியைக் கண்டிராதவனும், தன் பாட்டன் உழுத நிலத்துக்கு ஒரு சீட்டு வேண்டுமென்பதைக் கேட்டிராதவனுமான மலைவாசி இதற்கு என்ன செய்வான்? ஒருநாள் வனமாயிருந்தது மறுநாள் ரிசர்வு ஆயிற்று. ஒருநாள் குடியானவனாயிருந்தவன் மறுநாள் அத்துமீறிப் பிரவேசித்தவன் ஆனான். துப்பாக்கி எடாமல், பேனாவினாலேயே ஒரு தேசத்தைப் பறிக்கும் வித்தை இது.

நிலத்தைப் பறித்தவர்களே சரித்திரத்தையும் எழுதினார்கள். சென்னை மியூசியத்தின் அதிபராயிருந்த தர்ஸ்டன் துரை, ரங்காச்சாரியாரின் துணைகொண்டு, தென்னிந்தியாவின் சாதிகளையும் குடிகளையும்பற்றி 1909இல் ஏழு பாகங்கள் வெளியிட்டார். அவற்றில் உபயோகமான விவரங்கள் பல உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஜனங்களின் மூக்கையும் மண்டையையும் கருவி கொண்டு அளந்தார். அவர்களுடைய நிலம் எங்கே போயிற்றென்று அளக்கவில்லை. ஆட்சி செய்கிறவன் எழுதும் புஸ்தகத்தில் ஆளப்படுகிறவன் ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருப்பான். 1871இல் வட இந்தியாவில் பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றபரம்பரைச் சட்டம் இம்மாதிரி நோக்கின் பயனேயாகும். பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தார் திருடர் என்று ஏட்டில் எழுதிவிட்டால், பிறகு கைரேகை எடுப்பதற்கும் இரவில் காவல் வைப்பதற்கும் வேறு சாட்சியம் எதற்கு?

மலைவாசிகள் இவற்றையெல்லாம் வாய்மூடிப் பொறுத்தார்களா? இல்லை. 1857ஆம் வருஷத்துப் பெரும் போருக்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே, 1855 ஜூன் 30ந் தேதி, ஸித்து, கான்ஹு என்ற சகோதரர்களின் தலைமையில் சந்தாலர் எழுந்தனர். சோட்டா நாகபுரியில் பிர்ஸா முண்டா நிகழ்த்திய கிளர்ச்சி 1900இல் அடக்கப்பட்டது; அவ்வருஷம் ஜூன் மாதம் ராஞ்சிச் சிறையில் அவர் மாண்டார்; ஆனால் முண்டாக்களின் நிலத்துக்குப் பாதுகாப்பளிக்கும் குத்தகைச் சட்டம் 1908இல் வந்தே தீர்ந்தது. நமது பழைய சென்னை மாகாணத்திலேயே, கோதாவரி, விசாகப்பட்டினம் ஜில்லாக்களின் மலைப்பிரதேசத்தில், வனச் சட்டத்தின் கொடுமையையும் கட்டாய வேலையின் கொடுமையையும் எதிர்த்து அல்லூரி சீதாராம ராஜுவின் பின்னே மலைவாசிகள் 1922 முதல் 1924 வரையில் போர் புரிந்தனர். அவர்களை வாட்டிய சட்டமும் ஜவ்வாது மலையை ஆண்ட சட்டமும் ஒன்றே. சுதந்திரப் போரின் சரித்திரத்தைக் காங்கிரஸ் மகாசபை தோன்றிய 1885ஆம் வருஷத்திலிருந்து தொடங்கிக் கற்பிக்கிறவர்கள் இவற்றை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பார்கள்?

1947இல் கொடி மாறிற்று. காட்டின் சட்டம் மாறவில்லை. இதனைச் சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது. ஆயினும் சொல்லியே தீரவேண்டும். நமக்கு அண்டையிலுள்ள தருமபுரி ஜில்லாவில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி கிராமத்தில், 1992 ஜூன் 20ந் தேதி சந்தனக் கட்டையைத் தேடுவதாகக் கூறிக்கொண்டு புகுந்த வன, போலீஸ், ரெவினியூ உத்தியோகஸ்தர்கள் வீடுகளைச் சூறையாடினர். பதினெட்டுப் பெண்களைக் கற்பழித்தனர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் 2011 செப்டம்பர் 29ந் தேதி தண்டனை பெற்றனர். அத்தண்டனையைச் சென்னை ஹைகோர்ட்டு உறுதி செய்தது 2023இல். முப்பத்தொரு வருஷங்கள்! அந்நிய ஆட்சியில் நடந்திருந்தால் இதனை ஒரு ஜாலியன்வாலாபாக் என்று நாம் தேசமெங்கும் முழங்கியிருக்கமாட்டோமா? சத்தியமங்கலம் வனத்துச் சோளகர் பட்ட துன்பத்தை வழக்கறிஞர் ச. பாலமுருகன் 2004இல் ‘சோளகர் தொட்டி’ என்ற நாவலாக எழுதினார். நியாயஸ்தலத்தில் சாட்சி சொல்ல வழியில்லாதவர்களுக்குப் புஸ்தகமே சாட்சிக் கூண்டாயிற்று.

இனி, புஸ்தகத்துக்கும் பட்டாவுக்கும் உள்ள சம்பந்தத்தைக் காண்போம். 2006ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. மலைவாசிகளுக்கு இழைக்கப்பட்டது ‘சரித்திர அநீதி’ என்று அச்சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13ந் தேதிக்கு முன்னிருந்தே வன நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரையில் உரிமை உண்டு. பாத்தியதையை முதலில் விசாரிக்க வேண்டியது வன இலாகா அன்று, கிராம சபையே. விசாரணை முடியும்வரை எவரையும் வெளியேற்றலாகாது. இச்சட்டத்தின் பதின்மூன்றாவது விதி எவையெவை சாட்சியமாகும் என்று வகுக்கிறது. ஜில்லா கெஜட்டியர்கள், ஜனத்தொகைக் கணக்குகள், பழைய பட்டியல்கள், சம்பிரதாயங்களைப் பதிவு செய்த ஆராய்ச்சி நூல்கள், கிணறு, சுடுகாடு, தெய்வஸ்தலம் முதலிய அடையாளங்கள், உரிமை கோருபவரல்லாத பெரியோர் சொல்ல எழுதிக்கொண்ட வாக்குமூலம் ஆகிய யாவும் அவ்விதியில் அடங்குகின்றன. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும்.

நேயர்கள் இதனை ஊன்றி நோக்கவேண்டும். பாட்டி சொல்லும் கதை, அதனைக் கேட்டு எழுத ஒருவன் இருந்தால், இன்று சட்டப்படி சாட்சியமாகிறது. எழுத ஒருவனில்லாமல் அப்பாட்டி இறந்தால், ஓர் ஊரின் பத்திரம் அவளோடு எரிந்துபோகிறது. நமது ராஜ்யத்தில் ஹைகோர்ட்டின் இடைக்கால உத்தரவொன்றினால் 2008 முதல் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்து, 2016இல் சுப்ரீம் கோர்ட்டு அதனை நீக்கிய பின்னரே வழி திறந்தது. அந்த எட்டு வருஷங்களில் எத்தனை பெரியோர் தம் நினைவுகளோடு மறைந்தனரோ!

சரித்திரம் அறியாத ஆட்சியின் விபரீதத்துக்கு இன்னுமோர் உதாரணம் கூறுவோம். மலையாளி என்ற குடியினர் பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஜில்லாக்களில் மாத்திரமே பழங்குடியினர் என்று அட்டவணையில் கண்டிருக்கிறது. ஆகையால் ஜவ்வாது மலையில் பழங்குடியாயிருப்பவனுடைய இனத்தவனே ஈரோடு ஜில்லாவின் பர்கூர் மலையில் பழங்குடியல்லன்! ஜில்லா எல்லை வெள்ளைக்காரன் கிழித்த கோடு. மலையோ அதற்கு முன்பே இருந்தது. மேலும், தமிழ்நாட்டில் அரசியல் நிர்ணயத்தின் ஐந்தாவது அட்டவணைப் பிரதேசம் ஒன்றுகூட இல்லாமையால், பழங்குடிப் பஞ்சாயத்துகளுக்கு அதிகாரமளிக்கும் 1996ஆம் வருஷத்துச் சட்டமும் இங்கே செல்லாது. 2011ஆம் வருஷத்துக் கணக்கின்படி இந்த ராஜ்யத்தில் பழங்குடியினர் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர், நூற்றுக்கு ஒருவர். அவர்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு பேர். ராஜ்யத்தின் பொதுக்கணக்கோ எண்பது. எண்ணிக்கையில் சிறியோரின் குரல் வோட்டுப் பெட்டியில் கேளாது; ஏட்டிலாவது கேட்கவேண்டும்.

இவ்வித சரித்திரங்களைக் கிளறுவது தேச ஒற்றுமைக்குப் பங்கமாகுமென்று அஞ்சுவோர் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒற்றுமை மறதியினால் வளர்வதன்று, நியாயத்தினால் வளர்வது. ஐக்கிய நாடுகளின் சபை 2007 செப்டம்பர் 13ந் தேதி ஆதிகுடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபொழுது 144 தேசங்கள் ஆதரித்தன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து ஆகிய நான்கு தேசங்களே எதிர்த்தன. அந்நான்கும் ஆதிகுடிகளின் நிலத்தின்மேல் கட்டப்பட்ட தேசங்கள் என்பது கவனிக்கத் தக்கது; பிற்காலத்தில் அவையும் தம் நிலையை மாற்றிக்கொண்டன. இந்தியா ஆதரித்தே வோட்டளித்தது; ஆனால் இந்தியர் யாவரும் ஆதிகுடிகளே என்று ஒரு வியாக்கியானமும் செய்தது. யாவரும் ஆதிகுடிகளாயின் ரிசர்வு வனத்தின் வேலி ஒருவனுக்கு மாத்திரம் ஏன் குறுக்கே நிற்கிறது? பிர்ஸாவின் பிறந்த நாள் 2021 முதல் தேசிய விழாவாகக் கொண்டாடப்படுகிறது. மகிழ்ச்சியே. சிலைக்கு மாலையும் சந்ததிக்கு நோட்டீஸும் என்றால் மாத்திரம் அவ்விழா பொருளற்றதாகும்.

மலைவாசிக்கு நிலம் கொடுத்தால் காடு அழியுமென்பாரும் உண்டு. ஒரிஸ்ஸாவின் நியமகிரியில் பாக்ஸைட் தோண்டக் கம்பெனி வந்தபொழுது, சுப்ரீம் கோர்ட்டின் 2013ஆம் வருஷத்துத் தீர்ப்பின்படி பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. மலை எங்கள் தெய்வம் என்பதே அவர்கள் வாதம். காட்டைக் காத்தவர் யார்? நம் ஊருக்கருகில் கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத்தாது எடுக்கும் யோசனை எழுந்தபொழுது நாமும் அதே வாதத்தையன்றோ பேசினோம்? நமது தெய்வத்துக்குக் கேட்ட நியாயத்தை அவர்கள் தெய்வத்துக்கு மறுப்பது தருமமாகாது.

செங்கம் பிரதேசத்து நடுகற்களை நேயர்கள் அறிவார்கள். பல்லவர் காலத்தில் ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தனர். எழுத்து மறந்தபின்பும் ஜனங்கள் அக்கற்களை வேடியப்பன் என்று கும்பிட்டுவருகிறார்கள். அரசர் பெயர் மாத்திரமே சரித்திரமல்ல என்பதை ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே உணர்ந்த நாடு இது. அந்த மரபு மலையேறவேண்டும்.

செய்யவேண்டியவை மூன்று. நமது வாலிபரும் வக்கீல்மாரும் கோடை விடுமுறையில் ஜமுனாமரத்தூருக்குச் சென்று, கிராம சபையின் அனுமதியோடு பெரியோர் சொல்வதை எழுதிக்கொடுத்து, அதன் பிரதியை அவ்வூராரிடமே ஒப்படைக்க வேண்டும். பக்தவத்சல பாரதியின் ‘தமிழகப் பழங்குடிகள்’ போன்ற நூல்களை ஒவ்வொரு வாசகசாலையிலும் வைக்கவேண்டும். அன்னதானத்துக்குக் கொடுக்கும் தனவந்தர் இதற்கும் கொடுக்கலாம். மூன்றாவது, முக்கியமானது: நாம் அவர்களுக்காக எழுதுவது இடைக்கால ஏற்பாடே. ஜவ்வாது மலைத் தொடரைச் சேர்ந்த மலையாளி இளம்பெண்ணொருவர் 2024இல் சிவில் நீதிபதிப் பரீட்சையில் தேறினார். தீர்ப்பெழுதும் கை சரித்திரமும் எழுதும். அக்கைக்குப் பள்ளிக்கூடமும் சாதிச் சான்றிதழும் தாமதமின்றிக் கிடைக்கச் செய்வதே நமது கடமை.

சேயாறு ஜவ்வாது மலையில் பிறந்து நமது வயல்களுக்கு வருகிறது. அந்நீரைப் பருகுகிறவர்கள், அது பிறந்த இடத்து ஜனங்களின் கடனாளிகள். கடன் எழுதப்படாதது என்பதனால் அது தீர்ந்துவிடாது.