‘வேவ்ஸ்’ தளம் யாருக்காக?

2024 நவம்பரில் ஆறு நாள் இடைவெளியில் இந்திய ஒளிபரப்புத் துறையில் இரண்டு நிகழ்வுகள் நடந்தேறின. நவம்பர் 14 அன்று ரிலையன்ஸ் குழுமத்தின் வயாகாம்18 நிறுவனமும் வால்ட் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் ஒன்றாக இணைந்தன. நவம்பர் 20 அன்று கோவாவில் நடைபெற்ற 55-ஆவது இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவின் தொடக்க நாளில், பிரசார் பாரதியின் ‘வேவ்ஸ்’ என்ற ஓ.டி.டி. தளம் தொடங்கி வைக்கப்பட்டது. முதலாவது, 70,352 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட ஒரு கூட்டு நிறுவனத்தின் பிறப்பு. இரண்டாவது, மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் பொது ஒளிபரப்பு அமைப்பின் புதிய முயற்சி. முதலாவதைப் பற்றி நாடே பேசியது. இரண்டாவதைப் பற்றி, அதைக் கேள்வி கேட்கும் கடமையும் உரிமையும் கொண்ட நாடாளுமன்றம்கூடப் போதிய அளவில் பேசவில்லை.

தனியார் தளங்கள் தத்தம் முதலீட்டைப் பணயம் வைத்துப் போட்டியிடுகின்றன. லாபமும் நஷ்டமும் அவற்றின் பங்குதாரர்களைச் சேரும். பிரசார் பாரதியின் முதலீடு மக்களுடையது. எனவே, இந்தப் பந்தயத்தில் அது எதற்காக இறங்கியது, எதை வென்றால் வென்றதாகக் கொள்வது என்று கேட்பது குடிமக்களின் உரிமை.

பந்தயத்தின் தன்மையை முதலில் பார்க்கலாம். 2015 தொடக்கத்தில் ஹாட்ஸ்டார் வந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்குள் நுழைந்தது. அதே ஆண்டின் இறுதியில் அமேசான் பிரைம் வீடியோவும் வந்து சேர்ந்தது. மேலைநாட்டுக் கட்டணம் இங்கு செல்லாது என்பதை நெட்ஃபிளிக்ஸ் விரைவில் உணர்ந்தது. 2021 டிசம்பரில், கைப்பேசியில் மட்டும் பார்ப்பதற்கான மாதக் கட்டணத்தை 199 ரூபாயிலிருந்து 149 ரூபாயாகக் குறைத்தது. உலகின் மிகப் பெரிய தளமே இந்தியச் சந்தையின் முன் விலையைக் குறைக்க நேர்ந்தது.

ஆனால், இந்தச் சந்தையின் உண்மையான நாணயம் கிரிக்கெட்தான். 2022 ஜூன் மாத ஏலத்தில், 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயின. தொலைக்காட்சி உரிமை ஸ்டாருக்கும், இந்தியாவுக்கான இணைய உரிமை வயாகாம்18-க்கும் சென்றன. 2023-இல் ஜியோ சினிமா அந்த ஆட்டங்களை இலவசமாகக் காட்டியது. நேற்றுவரை சந்தா வசூலித்து வந்த போட்டியாளரின் அடித்தளமே ஆட்டம் கண்டது. அடுத்த ஆண்டே இருவரும் ஒன்றாயினர். 2025 பிப்ரவரி 14-இல் ஜியோ ஹாட்ஸ்டார் உருவாயிற்று. அந்த ஆண்டின் ஐ.பி.எல். ஆட்டங்களைத் தடையின்றிப் பார்க்க, நேரடிச் சந்தாவோ, கைப்பேசிக் கட்டணத் திட்டத்துடன் இணைந்து வரும் சந்தாவோ தேவைப்பட்டது.

இலவசம் என்பது போட்டியாளரைப் பணியவைக்கும் வரைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இணைப்புக்கு 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்த இந்தியப் போட்டி ஆணையம், ஏழு தொலைக்காட்சி அலைவரிசைகளைக் கைவிடுவது உள்ளிட்ட உறுதிமொழிகளைப் பெற்றுக்கொண்டது. எனினும், ஐ.பி.எல். ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவரும் கைப்பேசியில் பார்ப்பவரும் ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர்களே என்ற உண்மை மாறவில்லை.

இத்தகைய களத்தில்தான் வேவ்ஸ் இறங்கியிருக்கிறது. தமிழ் உள்ளிட்ட பன்னிரண்டு மொழிகளுக்கு மேல், 65 நேரலை அலைவரிசைகள், ராமாயணம், மகாபாரதம் போன்ற பழைய தொடர்கள், வானொலி, விளையாட்டுச் செயலிகள், இணைய வர்த்தகம் என்று தொடக்க நாளிலேயே நீண்ட பட்டியல் அறிவிக்கப்பட்டது. பல தனியார் பொழுதுபோக்கு, செய்தி அலைவரிசைகளும் அதில் இடம்பெற்றன. அந்தப் பட்டியலில் ஒரு குழப்பம் தெரிகிறது. தனியார் செய்தி அலைவரிசைகளைக் காண வேறு வழியின்றி யாரும் தவிக்கவில்லை. பொருள் வாங்கவும் விளையாடவும் ஆயிரம் செயலிகள் இருக்கின்றன. எல்லாம் கிடைக்கும் கடையாக இருக்க விரும்பும் பிரசார் பாரதி, தன்னிடம் மட்டுமே கிடைக்கும் சரக்கு எது என்பதை மறந்துவிட்டதோ என்ற ஐயம் எழுகிறது.

தன்னிடம் மட்டுமே உள்ள செல்வம் என்றால், அது அதன் ஆவணக் காப்பகம்தான். 1959-இல் தில்லியில் தொடங்கிய தூர்தர்ஷன், 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னை நிலையத்தைத் தொடங்கியது. அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே வானொலி இயங்கி வருகிறது. இசைக் கச்சேரிகள், நாடகங்கள், நேர்காணல்கள், தலைவர்களின் உரைகள் என இந்தியக் குடியரசின் குரலும் முகமும் அங்கேதான் பதிவாகியுள்ளன. ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’, கோவிந்த் நிஹலானியின் ‘தமஸ்’ போன்ற படைப்புகளை 1980-களில் மக்களிடம் கொண்டு சேர்த்தது தூர்தர்ஷன்தான். 2020 பொது முடக்கத்தின்போது மறுஒளிபரப்பான ராமாயணத்தைக் காணப் பார்வையாளர்கள் திரண்டதை நாடு கண்டது. பழைய சரக்குக்கு மதிப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால், ஒரு சிக்கல் இருக்கிறது. தூர்தர்ஷனில் ஒளிபரப்பான அனைத்துக்கும் உரிமை தூர்தர்ஷனிடம் இல்லை. விளம்பர ஆதரவுடன் வெளியார் தயாரித்த தொடர்கள் பலவற்றின் உரிமை தயாரிப்பாளர்களிடமே உள்ளது. அரிய ஒலி, ஒளி நாடாக்களைக் காலம் அரித்துக்கொண்டிருக்கிறது. அவற்றை எண்ம வடிவுக்கு மாற்றி, உரிமைகளை வகைப்படுத்தி, மொழிவாரியாக அட்டவணையிட்டுப் பொதுமக்கள் முன் வைப்பது செலவு மிக்க, விளம்பரம் தேடித் தராத பணி. எந்தத் தனியார் நிறுவனமும் அதைச் செய்யாது. அதனாலேயே அது அரசு அமைப்பின் பணியாகிறது.

அதுபோலவே நாடாளுமன்றம். 2021 செப்டம்பரில் மக்களவை, மாநிலங்களவைத் தொலைக்காட்சிகளை ஒன்றிணைத்து சன்சத் டி.வி. உருவாக்கப்பட்டது. அவைகளில் நடக்கும் உரைகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் ஏற்பாடு இருக்கிறது. உறுப்பினர்களின் காதுக்கு எட்டும் அந்தத் தமிழ், வாக்களித்தவர்களின் காதுக்கும் எட்ட வேண்டாமா? ஒவ்வொரு மசோதாவின் மீதும் நடந்த விவாதம், ஒவ்வொரு உறுப்பினரின் உரை, ஒவ்வொரு அமைச்சரின் பதில் என்று ஆண்டுவாரியாக, மொழிவாரியாகத் தேடி எடுக்கும் வகையில் வேவ்ஸ் தளத்தில் இருக்குமானால், அதற்கு ஈடான தளம் வேறெதுவும் இருக்க முடியாது. தன் தொகுதி உறுப்பினர் ஐந்தாண்டுகளில் எதைப் பேசினார் என்று ஒரு கல்லூரி மாணவர் தன் கைப்பேசியில் பார்க்க முடிந்தால், அது ஆயிரம் விளையாட்டுச் செயலிகளைவிடப் பயனுள்ளது.

விளையாட்டு ஒளிபரப்பில் சட்டமே பின்தங்கியிருக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கட்டணம் செலுத்த இயலாதவரும் இந்திய அணியின் ஆட்டத்தைக் காண வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால், அச்சட்டம் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை தரைவழி ஒளிபரப்பையும் நேரடியாக வீட்டுக்கு வரும் செயற்கைக்கோள் ஒளிபரப்பையுமே குறிப்பிடுகிறது. கேபிள் நிறுவனங்கள் வழியாக அதை மறுஒளிபரப்ப முடியாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையம் பற்றி அச்சட்டத்தில் பேச்சே இல்லை. இளைய தலைமுறை தொலைக்காட்சியை விட்டுக் கைப்பேசிக்கு நகர்ந்துவிட்ட காலத்தில், பொது ஒளிபரப்பின் உரிமை மட்டும் பழைய கம்பத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது. வேவ்ஸ் தளத்தைத் தொடங்கிய அரசு, அதற்கு உயிர் கொடுக்கும் சட்டத் திருத்தத்தையல்லவா முதலில் கொண்டுவந்திருக்க வேண்டும்? விளையாட்டு அமைப்புகளும் உரிமம் பெற்ற நிறுவனங்களும் அதை எதிர்க்கும் என்பதில் ஐயமில்லை. அந்த எதிர்ப்பைச் சந்திக்கும் துணிவு இருக்கிறதா என்பதே கேள்வி.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. 2020 நவம்பரில் ஓ.டி.டி. தளங்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அதிகார வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. 2021 பிப்ரவரியில் வெளியான விதிகள், அவற்றின் உள்ளடக்கத்தைக் கண்காணிக்கும் மூன்றடுக்கு முறையை வகுத்தன; அதன் உச்சியில் இருப்பது அரசு. 2024 மார்ச்சில், ஆபாச உள்ளடக்கம் என்ற காரணத்துக்காக 18 தளங்கள் முடக்கப்பட்டன. ஆபாசத்துக்குப் பரிந்து பேச யாரும் இல்லை. ஆனால், போட்டியாளர்களைக் கண்காணிக்கும் அதே அமைச்சகத்தின் நிதியில் இயங்கும் அமைப்பு, அந்தப் போட்டியாளர்களில் ஒருவராகவும் களத்தில் நிற்கிறது. ஆட்டக்காரரும் நடுவரும் ஒரே வீட்டிலிருந்து வருவது ஆட்டத்துக்கு அழகல்ல.

இந்த ஐயத்தைப் போக்க ஒரே வழி, பிரசார் பாரதி அரசிடமிருந்து உண்மையாகவே விலகி நிற்பதுதான். குடிமக்கள் தகவலைச் சுதந்திரமாகவும் உண்மையாகவும் நடுநிலையோடும் பெறும் உரிமையைக் காப்பது அதன் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டம் கூறுகிறது. நடைமுறை என்ன? 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் டி.டி. நியூஸ் சின்னத்தின் நிறம் மாறியது. அது காவி என்று எதிர்க்கட்சிகள் கண்டித்தன. ஆரஞ்சு என்று பிரசார் பாரதி விளக்கியது. அதே ஏப்ரலில், ‘தி கேரளா ஸ்டோரி’ திரைப்படம் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானபோது, கேரளத்தின் இரு பெரும் அணிகளும் எதிர்ப்புத் தெரிவித்தன.

இன்றைய ஆட்சியை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. நெருக்கடி நிலைக் காலத்தில் அகில இந்திய வானொலி எவ்வாறு பயன்பட்டது என்பதை அறிவோம். 1990-இல் நிறைவேறிய தன்னாட்சிச் சட்டம், 1997 செப்டம்பர் வரை ஏழு ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் உறங்கியது. அலைக்கற்றை பொதுமக்களின் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் அந்த உறக்கம் தொடர்ந்தது. எதிர்க்கட்சி வரிசையில் அமரும்போது தன்னாட்சி கேட்பதும், ஆளும் வரிசைக்கு மாறியதும் அதை மறப்பதும் எல்லாக் கட்சிகளுக்கும் வழக்கமாகிவிட்டது.

நாடாளுமன்றத்தின் பொறுப்பும் சிறிதல்ல. அச்சட்டத்தின் 13-ஆவது பிரிவு, மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேருமாக 22 உறுப்பினர்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு ஒன்று பிரசார் பாரதியைக் கண்காணிக்க வேண்டும் என்கிறது. சட்டம் நிறைவேறி 24 ஆண்டுகள் கழித்து, 2014-இல் அறிக்கை அளித்த சாம் பித்ரோடா தலைமையிலான நிபுணர் குழு, நாடாளுமன்றக் குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும் என்று மீண்டும் பரிந்துரைக்க நேர்ந்தது. அந்த ஒரு செய்தியே நிலைமையைச் சொல்லிவிடும்.

பொழுதுபோக்குத் தளம் நடத்துவது அரசின் வேலையா, அதைச் சந்தைக்கே விட்டுவிடலாமே என்று கேட்போர் உண்டு. தனியார் தளங்கள் செய்வதையே வேவ்ஸும் செய்யுமானால், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால், சந்தை செய்யாததைச் செய்யவும் வழி இருக்கிறது. 2024 மார்ச் 7-இல் கேரள அரசு ‘சி ஸ்பேஸ்’ என்ற தளத்தைத் தொடங்கியது. மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் அத்தளத்தில், பார்க்கும் படத்துக்கு மட்டும் 75 ரூபாய் செலுத்தினால் போதும். அதில் பாதி தயாரிப்பாளருக்குச் சேரும் என்று அறிவிக்கப்பட்டது. படங்களைத் தேர்ந்தெடுக்கக் கலை, பண்பாட்டுத் துறையினர் அடங்கிய குழுவும் அமைக்கப்பட்டது. பெரிய தளங்கள் வாங்க மறுக்கும் நல்ல படங்களுக்கு ஒரு வாசல் என்பதே அதன் நோக்கம். அது வணிகத்தில் எவ்வளவு வெல்லும் என்பது வேறு விஷயம். யாருக்காக என்ற கேள்விக்கு அதனிடம் தெளிவான விடை இருக்கிறது.

வேவ்ஸ் தளத்துக்கும் அத்தகைய விடை வேண்டும். பிரசார் பாரதியின் கட்டமைப்பை மேம்படுத்த 2,539.61 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மாதக் கட்டணமில்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் நான்கு கோடிக்கும் அதிகமான வீடுகளை எட்டியிருக்கிறது. எனவே பணமும் பார்வையாளரும் இல்லை என்று சொல்வதற்கில்லை. குறைவது நோக்கமும் கண்காணிப்பும்தான். 13-ஆவது பிரிவு கூறும் நாடாளுமன்றக் குழுவை அமைத்தல், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தை இணையத்துக்கும் விரிவுபடுத்துதல், ஓ.டி.டி. தளங்களைக் கண்காணிக்கும் பொறுப்பை அமைச்சகத்திடமிருந்து சுயேச்சையான அமைப்புக்கு மாற்றுதல். ஆவணக் காப்பகத்தை எல்லா மொழிகளுக்கும் சம இடமளித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுதல் ஆகிய நான்கும் உடனடியாக நடந்தாக வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. அரசியல் உறுதி மட்டுமே தேவை.

எத்தனை லட்சம் பேர் செயலியைப் பதிவிறக்கம் செய்தார்கள் என்று அமைச்சர் அவையில் புள்ளிவிவரம் அளிப்பது எளிது. தனியார் அளவுகோலால் அளந்தால், வேவ்ஸ் எந்நாளும் பின்தங்கியே இருக்கும்; அதைக் காரணம் காட்டி ஒருநாள் மூடிவிடவும் கூடும். கட்டணம் செலுத்த முடியாத ஒருவர் கைப்பேசியைத் திறக்கும்போது, அவருக்கு நாட்டின் விளையாட்டும், தன் மொழியின் கலையும், நாடாளுமன்றத்தின் விவாதமும், ஆட்சியாளரின் நிறம் படியாத செய்தியும் கிடைக்கின்றனவா என்பதே பொது ஒளிபரப்புக்குரிய அளவுகோல். அந்தக் கணக்கைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள், நாம் தேர்ந்தெடுத்து தில்லிக்கு அனுப்பிய உறுப்பினர்கள். அவர்கள் எப்போது கேட்கப் போகிறார்கள்?