அரை செக்கனை வைத்துப் பொறுப்பைக் கழுவாதீர்கள்

"நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது, சுயவிருப்பம் என்பதே பொய்" என்று சொல்லும் காணொளிகள் வாட்ஸ்அப் குழுமங்களில் சுற்றுகின்றன. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, "அப்படியென்றால் எங்களை ஏன் குற்றம் சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

1983இல் அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கெல்லாம் அடிப்படை. விரும்பிய நேரத்தில் கையை அசைக்க வேண்டும். அந்த எண்ணம் வந்த கணத்தில் கடிகாரத்தில் சுற்றும் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். எண்ணம் தெரிந்தது அசைவுக்குச் சுமார் 200 மில்லிசெக்கன் முன்பு. மூளையில் மின்மாற்றம் தொடங்கியதோ சுமார் 550 மில்லிசெக்கன் முன்பு.

இவ்வளவுதான் சங்கதி. இதை வைத்து மனிதனுக்குத் தெரிவே இல்லை என்று தீர்ப்பெழுதலாமா?

அந்த மின்மாற்றம் ஒரு முடிவே அல்ல, மூளையில் எப்போதும் நடக்கும் ஏற்ற இறக்கம் திரண்டு வருவதாக இருக்கலாம் என்று 2012இல் ஷர்கர் குழுவினர் காட்டினார்கள். 2019இல் மாவோஸ் குழுவினர், எந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் போக வேண்டும் என்று யோசித்துத் தெரிவு செய்யச் சொன்னபோது, அந்த மின்மாற்றம் இல்லை, அல்லது மிகக் குறைவு. லிபெட்டே, கடைசி நேரத்தில் செயலைத் தடுக்கும் சக்தி மனிதனுக்கு உண்டு என்றுதான் சொன்னார். காணொளிக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

நோன்புக்கு இரவே நிய்யத் வைக்கிறோம். பகலில் தாகத்தில் கை தண்ணீர்ப் போத்தலுக்குப் போகிறது, பிறகு பின்வாங்குகிறது. அந்த முடிவு எந்த மில்லிசெக்கனில் எடுக்கப்பட்டது? இரவே எடுத்தது அல்லவா! லிபெட்டின் ஆய்வுக்கு வந்தவர்களும் கையை அசைப்போம் என்று ஒத்துக்கொண்ட பிறகே கதிரையில் உட்கார்ந்தார்கள்.

பழக்கமும் வறுமையும் போதையும் ஒருவரின் தெரிவைச் சுருக்கும். அதை நாம் மறுக்கவில்லை. அவர்களுக்கு இரக்கமும் உதவியும் தேவை. ஆனால் நிதானமாக யோசித்துப் பொய்ச் செய்தி பரப்புகிறவரும், சீதனத்துக்குப் பேரம் பேசுகிறவரும் மூளையின் மேல் பழி போட முடியாது. நேற்று "எல்லாம் கத்ர்" என்று தப்பித்தோம். இன்று "எல்லாம் நியூரோன்" என்கிறோம். சாட்டு மாறியிருக்கிறதே தவிர, ஆள் மாறவில்லை.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்போம்: கை அசைய அரை செக்கன் போதும். மனிதனாவதற்கு நாள்கணக்கில் யோசிக்க வேண்டும். அந்த யோசனை நம்முடையது, அதன் கணக்கும் நம்முடையதே.