மேட்டுக்கு ஏறும் தண்ணீர்!

பாலத்தின் மேல் ஆள் போகும், வண்டி போகும். தண்ணீர் போகுமா? ஜப்பானில் போகிறது!

அந்த நாட்டின் தெற்கே கியூஷு தீவு. அங்கே குமமோட்டோ மாநிலத்தில், மலை சூழ்ந்த சிற்றூர் யமாட்டோ. அந்த ஊரில் உள்ள சூஜுன் என்ற கல் பாலத்துக்கு 2023-ம் ஆண்டு “தேசியச் செல்வம்” என்ற பட்டம் கிடைத்தது. கோவில், கோட்டை, சிலை ஆகியவை பெறுகிற பட்டம் அது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய பாலத்துக்குக் கிடைத்தது, அதுவே முதல் தடவை.

தாகத்தில் தவித்த ஊர்கள்

பாலத்துக்கு அக்கரையில் ஷிராயிட்டோ என்ற மேட்டு நிலம் இருக்கிறது. சுற்றிலும் ஆழமான பள்ளத்தாக்கு. கீழே ஆறு ஓடும். மேலே குடிக்கக்கூடத் தண்ணீர் கிடையாது! அந்தப் பகுதிக்கு நாட்டாண்மையாக இருந்தவர் ஃபுட்டா யசுனோசுகே. எதிர்க்கரையிலிருந்து தண்ணீர் கொண்டுவர அவர் முடிவு செய்தார்.

பாலத்தை மேட்டு நிலம் அளவுக்கு உயர்த்திக் கட்டினால் வேலை சுலபம். ஆனால் அவ்வளவு உயரம் கல்லால் கட்டினால் நிற்குமா? ஆகவே பாலம் தாழ்வாகவே கட்டப்பட்டது. உயரம் சுமார் 20 மீட்டர். நடுவில் ஒரே வளைவு. அதன் அகலம் சுமார் 28 மீட்டர்.

பாலத்துக்குள்ளே மூன்று கல் குழாய்கள் வைத்தார்கள். இக்கரையில் உயரத்திலிருந்து தண்ணீர் குழாய்க்குள் இறங்குகிறது. பாலத்தைத் தாண்டியதும் அக்கரையில் தானே மேலே ஏறுகிறது! எஞ்சின் இல்லை, ஏற்றம் இல்லை. தண்ணீர் புறப்படும் இடம், போய்ச் சேரும் இடத்தைவிடக் கொஞ்சம் உயரம். அவ்வளவுதான் ரகசியம்.

சொல்ல எளிது; செய்வதுதான் கடினம். குழாய்க்குள் தண்ணீர் முட்டும் வேகத்தில், கல்லும் கல்லும் சேரும் இடம் பிய்த்துக்கொள்ளும். சுண்ணாம்பு, களிமண், மணல், உப்பு ஆகியவற்றோடு பைன் மரத்து இலையை வேகவைத்த சாறும் கலந்து சாந்து இடித்தார்கள். அதுதான் குழாயைக் காத்தது.

பாலம் 1854-ல் முடிந்தது. சாரத்தைப் பிரித்த அன்று, பாலம் விழுந்தால் உயிரை விடுவது என்று ஃபுட்டா இடுப்பில் கத்தியோடு அதன் மேல் உட்கார்ந்திருந்தாராம். ஊரார் சொல்லும் கதை இது. பாலம் விழவில்லை. மேட்டில் சுமார் 100 ஹெக்டேர் நெல் வயலுக்கு வழி பிறந்தது.

பூகம்பமும் மழையும்

2016-ல் குமமோட்டோவைப் பூகம்பம் உலுக்கியது. வளைவு நின்றது, குழாய்களின் இணைப்பில் தண்ணீர் கசிந்தது. பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 2018 மே மாதம் பெருமழையில் பக்கச் சுவரின் கற்கள் சரிந்தன. வேலை எல்லாம் முடிந்து 2020-ல்தான் மறுபடி மதகு திறந்தார்கள்.

மதகு திறப்பது பெரிய வேடிக்கை. பாலத்தின் நடுவில் உள்ள மர அடைப்பைத் தட்டி எடுத்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் பீறிட்டுப் பள்ளத்தில் விழும். குழாயில் சேர்ந்த சேற்றைக் கழுவுவதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. இப்போது பெரும்பாலும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காகவே திறக்கிறார்கள். அதில் தவறில்லை, சிற்றூருக்கு நாலு காசு வருகிறது.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பட்டம் பெற்ற பாலத்தைக் காக்க அரசாங்கம் உண்டு. அதோடு சேர்ந்த வாய்க்கால்களைத் தூர் வாரி, கரையை வெட்டி, வயலை உழுவதற்கு ஆள் வேண்டும். ஜப்பான் கிராமங்களிலோ இளைஞர்கள் பட்டணம் போகிறார்கள். விவசாயிகளில் பெரும்பாலோர் முதியவர்கள். வயல் தரிசாகிவிட்டால், குழாயில் ஏறி வரும் தண்ணீர் யாருக்கு?